கைப்பேசியைப் பூட்டி வைப்பது தீர்வாகுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் படத்தை ஸ்டிக்கராக்கி, உருவத்தைக் கேலி செய்யும் வரிகளோடு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதங்களாகப் பகிர்ந்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அவள் அழுத பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளுடைய அப்பா கைப்பேசியை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார். போலீசில் புகார் கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: புகாரைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் பீரோவைத் திறங்கள். மூன்று மாதங்கள் அவள் வாய் திறக்காமல் இருந்ததற்கு, சொன்னால் கைப்பேசி போய்விடும் என்ற பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தப் பயம் சரிதான் என்று இப்போது நாமே நிரூபித்துவிட்டோம். அவள் இல்லாவிட்டாலும் குழுவில் கேலி நடக்கும். வீட்டுப்பாடமும் அங்கேதான் வரும் என்றால், தண்டனை பாதிக்கப்பட்டவளுக்கே போய்ச் சேர்கிறது.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்ததும், அவளை அருகில் வைத்துக்கொண்டே, அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பிய செய்தியை ஏறத்தாழ இரண்டு நாட்கள் வரை எல்லோரிடமிருந்தும் அழித்துவிட வாட்ஸ்அப் இடம் கொடுப்பதால், புதிதாக வருவதை உடனுக்குடன் பதிவு செய்வது அவசியம். அதை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் செல்லுங்கள். கேலி செய்யும் பிள்ளைகளின் வீட்டு வாசலில் போய்ச் சண்டையிட்டால் மறுநாள் வகுப்பில் அதற்கும் சேர்த்து உங்கள் மகள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கே செல்வதாக இருந்தாலும் அவளிடம் சொல்லிவிட்டே செல்லுங்கள்.

உருவக்கேலியோடு நிற்கும் வரை பள்ளி வழியாகத் தீர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. மிரட்டல், போலிக் கணக்கு, ஆபாசமாக மாற்றப்பட்ட படம் என்று போனால் தயங்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்; குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரவு பகலாக இயங்குகிறது. ஓர் எச்சரிக்கை: சிறார்களின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். ஆதங்கத்தில் அதை உறவினர்களுக்கு அனுப்பி நியாயம் கேட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமிலும் தொல்லை இருந்தால், 'பிளாக்' செய்யப் பயப்படும் பிள்ளைகளுக்கு 'ரெஸ்ட்ரிக்ட்' வசதி உதவும். கேலி செய்பவரின் புதிய கருத்துகள் அவருக்கு மட்டுமே தெரியும். தாம் ஒதுக்கப்பட்டது குறித்து அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது.

கேள்வி: இத்தகைய ஸ்டிக்கர்களைச் செய்து பரப்பியவன் என் மகன்தான் என்று பள்ளியில் அழைத்துச் சொன்னார்கள். அவன் விளையாட்டுக்குத்தான் செய்ததாகச் சொல்கிறான்.
- வாசகர், விருதுநகர்

பதில்: அந்தச் சொல்லை நீங்களும் பள்ளியில் திருப்பிச் சொல்லாமல் இருந்தீர்கள் என்று நம்புகிறேன். பள்ளி தன் விசாரணைக்கான பதிவுகளை எடுத்துக்கொண்ட பின், அவனே தன்னிடமுள்ள ஸ்டிக்கர்களை அழித்து, அதே குழுவில், அதே ஆட்கள் பார்க்க, தான் செய்தது தவறு என்று எழுதட்டும். ஆனால் கேலிக்கு ஆளான பெண்ணின் எண்ணுக்கு மன்னிப்புச் செய்தி அனுப்பச் சொல்லாதீர்கள். அவன் எண்ணிலிருந்து இன்னொரு செய்தி வந்தாலே அவள் நடுங்கக்கூடும். தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுக்கட்டும். வாங்குவதும் படிப்பதும் அவள் விருப்பம்.