இரண்டு லட்சமும் ஒரு குரலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் மதுரை பசுமலைப் பக்கம் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபைப் பாடகர் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். வயது 19. பி.காம். இரண்டாம் வருடம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தையல். போன கிறிஸ்துமஸ் கேரலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பாடகர் குழுத் தலைவர் ஒருவர், இந்தக் குரலை ஓபராவுக்கு, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகத்துக்கு, பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. யூடியூபில் கேட்டுக் கேட்டே இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் புச்சினியின் 'ஓ மியோ பாபினோ காரோ'வைப் பாடுகிறாள்.

சபைப் பெண்களும், வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர்களும் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். லண்டனில் ஒரு கோடைக்காலப் பயிற்சிக்கு அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நர்சிங் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகள் இருக்கும்போது ஓபரா ஒரு கேடா என்று கேட்பவர்களும் உண்டு. அவள் முகூர்த்த நாட்களில் ஆர்கெஸ்ட்ராவில் பாடிக் கொஞ்சம் சம்பாதிக்கிறாள். அதை நிறுத்தச் சொல்லலாமா? இந்தப் பணத்தை என்ன செய்வது? உங்கள் யோசனை தேவை.

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

*

அன்புள்ள டீச்சர்,

நர்சிங் ஃபீஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த இரண்டு லட்சம் அந்தப் பெண் பாடியதால் வந்த பணம். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது எந்த நர்சிங் மாணவிக்கும் போயிருக்காது. அவரவர் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருந்திருக்கும். கேள்வி கேட்பவர்களிடம் நர்சிங் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் அவர்கள் பெயரையே எழுதட்டும்.

லண்டன் வேண்டாம். விசா, விமானம், தங்கல், கட்டணம் என்று இரண்டு வாரத்தில் மொத்தமும் கரைந்துவிடும். அவள் திரும்பி வரும்போது பை நிறைய புகைப்படம் இருக்கும், பாட்டு இருந்த இடத்தில்தான் இருக்கும். அந்த வகைப் பயிற்சிகள் ஏற்கெனவே நாலைந்து வருடம் பழகியவர்களுக்குப் பிரயோஜனப்படும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்தப் பெண் இன்னும் நோட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) பார்த்துப் பாட ஆரம்பித்ததாகத் தெரியவில்லை.

ஓபராவில் மைக் கிடையாது. ஐம்பது அறுபது வாத்தியங்கள் ஒலிக்கும்போது அவற்றைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். கத்துவதால் அது நடக்காது. அந்த வாத்தியக் குழுவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம் குவிந்திருக்கும். பழகிய பாடகர் 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் குரலுக்கு ஒரு கூர்மை ஏற்றுகிறார். வாத்தியங்கள் அந்த உயரத்தில் மெலிந்துவிடுவதால் குரல் தனியாகத் தெறிக்கிறது. உச்சத்தில் பாடும் பெண் குரலுக்கு வழி கொஞ்சம் வேறு: சுருதி ஏற ஏறத் தாடையைத் திறந்து, வாய்க்குள் இருக்கும் இடத்தையே அந்தச் சுரத்துக்குப் பொருத்துகிறார்கள். எப்படியானாலும் இது உடம்பில் படிய வருடக்கணக்காகும். பாரமான வேடங்களுக்கான குரல் முப்பதைத் தாண்டித்தான் நிலைக்கும். ஓபராப் பாடகர் பிளாசிடோ டொமிங்கோ 1993ல் தொடங்கிய ஓபராலியா போட்டிக்கு வயது வரம்பு 18 முதல் 32. ஆகவே 19 வயதில் ரயிலைத் தவறவிட்டதாக யாரும் பதற வேண்டியதில்லை.

மைக் இல்லாமல் பாடுவது மதுரைக்குப் புதிதும் இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தது அங்கேதான். (உங்கள் பெண் பாடும் அந்தப் பாட்டு வருகிற 'ஜானி ஸ்கிக்கி' ஓபரா நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறியதும் அதே 1918, டிசம்பரில். இதனால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.) சிறுவர்களே நடித்த இந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகளில் சோறு, படுக்கை, வாத்தியார், மேடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தது. தினமும் பாடம், இரவில் நாடகம். இன்றைய உதவித்தொகைக்காரர்கள் பல பெயரில் கொடுப்பதை அன்றைக்குக் கம்பெனி மொத்தமாகக் கொடுத்தது. ஆனால் சோறு போடுகிறவர் கைக்குள்தான் குரலும் இருந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனுக்கு வேஷம் போகும், பல பேருக்குக் கம்பெனியே போகும். குரல் ஓய்வு கேட்கிற வயதிலும் ஐந்து கட்டை என்ற உச்சச் சுருதியில் கத்தித் தீர்த்துக்கொண்டவர்கள் உண்டு. நாடகம் நடக்க வேண்டுமே!

இதனால்தான் சொல்கிறேன், பணம் தருகிறவரும் பாட்டு விஷயத்தில் முடிவெடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வழிகாட்டி என்பவர் "இந்த வாய்ப்பு வேண்டாம், உனக்கு இன்னும் குரல் வரவில்லை" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். பணம் போட்டவருக்கு அதைச் சொல்ல மனசு வராது. போட்டது எப்போது மேடையில் தெரியும் என்றுதான் அவருக்குத் தோன்றும். அது மனித சுபாவம், குற்றமாகச் சொல்லவில்லை.

சரி, இரண்டு லட்சத்தை என்ன செய்வது? அதற்கு முன்னால் மரியன் ஆண்டர்சன் கதையைச் சொல்ல வேண்டும். உங்களைப் போன்ற ஒரு சபையின் கதை அது.

மரியன் 1897ல் பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா ஐஸும் நிலக்கரியும் விற்றவர், மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா துணி வெளுத்து, கடைகளில் தரை துடைத்துக் குடும்பம் நடத்தினார். இசைப் பள்ளியில் சேரப் போனபோது கறுப்பர் என்பதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். யூனியன் பாப்டிஸ்ட் சபையார்தான் 'மரியன் ஆண்டர்சனின் எதிர்காலத்துக்காக' என்று ஒரு நிதி வைத்துச் சில்லறை சில்லறையாகச் சேர்த்தார்கள். ஜுசெப்பே போகெட்டி என்ற நல்ல ஆசிரியர் கிடைத்தபோது சபையில் ஒரு கச்சேரி வைத்துச் சுமார் 600 டாலர் திரட்டி, பாடத்துக்குக் கட்டினார்கள். பில்லி கிங் என்ற பியானோக்காரர் மரியனோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார்.

1924ல் மரியன் நியூயார்க் டவுன் ஹாலில் பாடினார். எடுபடவில்லை. ஆளும் அதிகம் வரவில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் பாட்டுகளை நெட்டுருப் போட்டதுபோல் பாடினார் என்று எழுதிவிட்டார்கள். ஜெர்மன் தெரியாமல் ஜெர்மன் பாட்டைப் பாடினால் வேறென்ன ஆகும்? மனம் விட்டுப்போய்க் கொஞ்ச காலம் பாட்டே வேண்டாம் என்றிருந்தார். மறுவருடம் ஒரு போட்டியில் ஜெயித்து நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு பாடினார். அப்புறம் ரோசன்வால்ட் நிதி என்ற அமெரிக்க அறக்கட்டளையின் உதவியோடு ஜெர்மனிக்கே போய் மொழியையும் பாட்டையும் படித்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவின் மேடையில் அவர் ஏறியது 1955 ஜனவரியில், வயது 57. அந்த மேடையில் தனி வேடம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினப் பாடகர் அவர்தான். அதற்கு வெகு முன்பே தனக்கு விருதாக வந்த 10,000 டாலரை வைத்து இளம் பாடகர்களுக்கு ஒரு பரிசு நிதி ஏற்படுத்திவிட்டார். 1943லும் 1944லும் அதை வாங்கிய கமிலா வில்லியம்ஸ் 1946ல் நியூயார்க் சிட்டி ஓபராவில் புச்சினியின் 'மதாம் பட்டர்ஃபிளை'யில் தலைமை வேடம் பாடினார்.

சபையின் பணம் எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள். ரோசன்வால்டுக்கு முன்னால், மெட்ரோபாலிடனுக்கு வெகு முன்னால். பெரிய அறக்கட்டளைகள் எல்லாம் பழகிய குரலைத்தான் தேடி வருகின்றன. சான் பிரான்சிஸ்கோவின் மெரோலா, மெட்ரோபாலிடனின் லிண்டமன் திட்டம் போன்றவை கல்லூரிப் படிப்பு முடித்து, அரங்க வாசலில் நிற்கும் பாடகர்களுக்கானவை. 19 வயதில், மதுரையில், நோட்டேஷன் தெரியாமல் நிற்கும் பெண்ணை எந்த அறக்கட்டளையும் எட்டிப் பார்க்காது. அந்த நாலைந்து வருடத்துக்கு உங்களைப் போன்றவர்களை விட்டால் ஆள் இல்லை. லண்டனுக்குத் துச்சமான இரண்டு லட்சம், அந்த வருடங்களுக்குப் பெரிய தொகை.

ஆகவே மாதாமாதம் கொடுங்கள். முதல் செலவு ஆசிரியர். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்தியக் குரலிசை சொல்லித் தருகிறார்கள். அங்கே படித்தவர்கள், தனியாகச் சொல்லித் தருபவர்கள் என்று விசாரித்தால் நல்ல ஆள் கிடைப்பார். பாண்டியனில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். மாதம் இரண்டு முறை நேரில், மற்ற வாரங்களில் ஆன்லைனில். மும்பையில் பிறந்து லண்டனில் பெயர் வாங்கிய சொப்ரானோ (உச்சப் பெண் குரல்) பாடகி பட்ரீசியா ரொசாரியோ, கணவர் மார்க் ட்ரூப்புடன் சேர்ந்து 2009ல் 'கிவிங் வாய்ஸ் டு இந்தியா' என்று ஆரம்பித்து இங்கே வந்து இளம் பாடகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாளைக்கு அப்படி யாராவது வந்தால் போய் நிற்பதற்குள் அடிப்படை கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது செலவை எல்லாரும் மறந்துவிடுவார்கள்: பியானோ வாசிக்க ஆள். நம் ஊரில் கீபோர்டு வாசிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் சுரக்கூட்டை (கார்டு) பிடித்துவிடுவார்கள். ஆனால் ஸ்கோர் என்கிற அச்சிட்ட இசைக்குறிப்பைப் பார்த்து அப்படியே வாசித்து, பாடகி மூச்சு எடுக்கும் இடத்தில் காத்திருந்து, இத்தாலிய வார்த்தை தடுமாறினால் நிறுத்திச் சொல்வது வேறு வேலை. கரோக்கி டிராக்கோடு பழகினால் டிராக் அவளுக்காக நிற்காது, அவள்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். உங்கள் சபையிலேயே கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருவன் இருப்பான். அவனுக்கும் இந்தப் பணத்தில் ஸ்கோர் படிக்கக் கற்றுக்கொடுங்கள், வாரம் இரண்டு நாள் அவளோடு உட்காரச் சொல்லி அவனுக்குச் சம்பளமும் கொடுங்கள். இதைக் கேட்டால் பணம் தந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். சுளிக்கட்டும்.

மூன்றாவது, ஜெர்மன். பாடுவதற்கு மட்டும் இல்லை. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. நுழைவுத் தேர்வில் பாடிக் காட்டி இடம் வாங்க வேண்டும், மொழித் தேர்ச்சியும் கேட்பார்கள். ஆனால் ஒரு முள் உண்டு. விசாவுக்கு வருடச் செலவாகச் சுமார் 12,000 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) காட்டச் சொல்வார்கள். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அந்தக் கட்டத்தில்தான் இன்லாக்ஸ் போன்ற அறக்கட்டளைகளையும், கடனாகத் தரும் ஜே.என். டாட்டா நிதியையும் அணுக வேண்டும். இவர்கள் எல்லாம் பட்டம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எனவே பி.காமை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. அவளுடைய அப்பாவுக்கும் அது ஒரு நிம்மதி. இருபத்தொன்று ஆனதும் வரன் பேச்சு எடுப்பார்கள். அப்போது போய் நிற்பதை விட இப்போதே அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாக் கணக்கையும் காட்டிப் பேசுங்கள். அப்பாவிடம் அம்மா பேசிக்கொள்வார்.

ஆர்கெஸ்ட்ராவை நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் அது எதற்குப் போகிறது என்று விசாரியுங்கள். கல்லூரி பஸ், தம்பியின் டியூஷன் என்று ஏதாவது இருக்கும். ராத்திரி பதினொன்று வரை, தன் குரல் தனக்கே கேட்காத ஸ்பீக்கர் முன்னால் நாலு மணி நேரம் பாடுவது அவள் தொண்டைக்கு நல்லதில்லைதான். அந்த வருமானத்தை உங்கள் நிதியிலிருந்து ஈடுகட்டிவிட்டு, அப்புறம் முடிவை அவளிடம் விடுங்கள். அவள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பாடிவிட்டு வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். மேடைக் கூச்சம் போவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொன்று. ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள். "எங்கள் சபையின் ஓபராக் குயில்" என்று அவள் படத்தைப் போட்டு, கீழே கொடையாளர்கள் தலைகளை வரிசையாக வைத்துவிட்டால் அவள் தீர்ந்தாள். கொடுத்தவர் வீட்டுக் கல்யாணம், பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று எங்கே போனாலும் "ஒரு பாட்டுப் பாடும்மா" வரும். மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியாது. ஒரு கணக்கு, உங்களோடு இன்னொருவர் கையெழுத்து, வருடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் எழுதித் தரும் ஒரு பக்கம் போதும். ஐந்து வருடம் கழித்து அவள் ஓபராப் பாடகி ஆகாமல், ஏதோ ஒரு பள்ளியில் பாடகர் குழு நடத்திக்கொண்டிருந்தாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காதவர்கள் இப்போதே பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

புச்சினியைக் கொஞ்ச நாள் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். 'காரோ மியோ பென்' போன்ற பழைய இத்தாலியப் பாட்டுகளில்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். சின்னப் பாட்டு, ஆனால் மூச்சைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், தெரிந்த இரண்டு ஆசிரியர்களைக் கேட்கச் சொல்கிறேன். எடிட் எதுவும் வேண்டாம், எக்கோ அறவே வேண்டாம். கீபோர்டும் தெளிவாகக் கேட்கிற மாதிரி போனை வையுங்கள். அந்தப் பையன் எப்படி வாசிக்கிறான் என்றும் பார்க்க வேண்டும்.

அன்புடன்.