ஹேண்டிகேப் 4, போட்டியில் மட்டும் 85: ஏன்?

கேள்வி: பல ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடுகிறேன், என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையச் சிறப்பு) 4. நண்பர்களுடன் ஆடும்போது 76 அடிகளில் முடித்துவிடும் நான், போட்டி என்று வந்தால் 85-க்குப் போய்விடுகிறேன். உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளில் ஈடுகொடுக்க எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: முதலில், அந்த 4 என்ற எண் எதை அளக்கிறது என்று பாருங்கள். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ மட்டுமே சராசரிக்கு எடுத்துக்கொள்கிறது. அதிலும், ஒரு பார் 4 துளையில் (நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய துளை) நீங்கள் 9 அடித்திருந்தாலும், உங்கள் நிலையில் உள்ளவருக்குப் பெரும்பாலும் 6 என்றே அது கணக்கில் சேரும். மொத்த அடிகளை எண்ணும் வழக்கமான ஸ்ட்ரோக் ப்ளே போட்டியிலோ அந்த 9 அப்படியே அட்டையில் ஏறும். நண்பர்கள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கும் இரண்டடித் தூரத்துப் பட் (துளையருகே பந்தை உருட்டிவிடும் அடி) கூட வந்தால், பந்தைத் துளைக்குள் தள்ளியே தீர வேண்டும். ஆகவே, உங்கள் நல்ல ஆட்டம் எவ்வளவு நல்லது என்பதை ஹேண்டிகேப் சொல்கிறது. மோசமான ஆட்டம் எவ்வளவு மோசமானது என்பதைப் போட்டி சொல்கிறது. நீங்கள் திருத்த வேண்டியது இரண்டாவதைத்தான்.

அண்மையில் ஆடிய போட்டி அட்டைகளை எடுத்து, டபுள் போகியும் (பாரைவிட இரண்டு அடி கூடுதல்) அதற்கு மேலும் போன துளைகளை மட்டும் குறித்து, ஒவ்வொன்றும் எந்த அடியில் கெட்டது என்று எழுதுங்கள். பெரும்பாலும் டீயிலிருந்து (துளையின் தொடக்க இடம்) எல்லைக்கு வெளியே போன பந்தோ, மரங்களுக்கிடையிலிருந்து வீரசாகசமாக அடிக்க முயன்ற அடியோதான் காரணமாக இருக்கும். பயிற்சித் திடலில் டிரைவரால் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப், அதாவது மட்டை) இருபது பந்துகளை அடித்து, இடக்கோடியில் விழுந்ததற்கும் வலக்கோடியில் விழுந்ததற்கும் உள்ள அகலத்தைப் பாருங்கள். அந்த அகலம் முழுவதுமே உங்கள் டிரைவர் அடி, நடுவில் பறந்த அழகான ஒன்று மட்டும் அல்ல. ஆடுகளத்தில் அந்த அகலத்தின் இரு ஓரங்களும் எல்லைக்குள் அடங்கும்படி குறிவையுங்கள். அடங்காத துளையில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிடுங்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பட்டிங்தான் எல்லாம் என்ற பேச்சையும் நான் முழுதாக ஏற்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான அடிகளை ஆராய்ந்து, வலுவான வீரருக்கும் அவருக்குக் கீழே உள்ளவருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் உருவாகிறது என்று காட்டினார். பிஜிஏ டூர் எனும் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் வீரர்களே எட்டடித் தூரத்திலிருந்து ஏறத்தாழ பாதி பட்டுகளைத்தான் உள்ளே தள்ளுகிறார்கள். எனவே எட்டடி தவறினால் மனம் குமையாதீர்கள்; பத்து மீட்டரிலிருந்து மூன்று பட் ஆவதைத்தான் ஒழிக்க வேண்டும், அதற்குத் தேவை வேகக் கட்டுப்பாடு.

பயிற்சியில் ஒரே அயர்ன் மட்டையால் ஒரு கூடைப் பந்தையும் அடித்துத் தீர்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றி, போட்டியில் செய்வது போலவே பின்னால் நின்று பார்த்து, முடிவெடுத்து, ஒரே முறை அடியுங்கள். அதோடு சிறிய போட்டிகளில் அடிக்கடி ஆடுங்கள். பதற்றத்தோடு ஆடப் பழக வேறு வழி இல்லை. உயர்மட்டத்தில் உங்களோடு நிற்பவர்களில் பலர் பூஜ்யமோ, அதைவிடவும் சிறந்த பிளஸ் ஹேண்டிகேப்போ உள்ளவர்கள் என்பதால், இதற்குப் பருவங்கள் சில ஆகும் என்று துணிந்தே தொடங்குங்கள்.

கேள்வி: பந்து எல்லைக்கு வெளியே போயிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

பதில்: வேண்டாம். ‘புரொவிஷனல் பந்து (முதல் பந்து கைவிட்டால் பயன்படும் மாற்றுப் பந்து) ஆடுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அங்கேயே இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால், முதல் பந்து பத்திரமாகக் கிடந்தாலும், அடித் தண்டனையோடு இரண்டாவதுதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து. தேடத் தொடங்கியபின் உங்களுக்கு இருப்பது 3 நிமிடம் மட்டுமே.