விளக்கு எரிந்ததும் செயினைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு வருடமாகவே காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி கடகடவென்று சத்தம் வந்து நின்றுவிடும். ஒரு மாதமாகச் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது. ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறு எண் (கோடு) வருகிறது. ஒரு மெக்கானிக் கேம் சென்சாரை மாற்றினார், பலனில்லை. இன்னொருவர் டைமிங் செயின் நீண்டுவிட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். சமீபத்தில் செய்த வேலை என்றால், விளக்கு எரிவதற்குச் சில நாள் முன்பு முன்பக்க ஆயில் சீல் மாற்றியது மட்டும்தான். செயினை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆயில் சீல் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் இணைத்து ஓட்டுவதுதான் டைமிங் செயின். இரண்டும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று ஆளுக்கொரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பி0016. யார் மேல் தப்பு என்று அது சொல்வதில்லை. சென்சாரோ அதன் வயரோ செத்துப்போனால் பெரும்பாலும் வேறு கோடு வரும்: கேமுக்கு பி0340, கிராங்குக்கு பி0335. அவை வராதபோது சென்சாரை எதற்கு மாற்றினார்? கோடு நம்பரைப் பார்த்த கையோடு ஸ்பேர் கடைக்குப் போன் போடுகிற பழக்கம் இது. கடையில் கமிஷன் உண்டு. சோதித்துப் பார்த்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கோடை அழித்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று வண்டியை அனுப்புவது இதே ரகம். இன்னும் சிலர் ‘டைமிங் செட் பண்ணணும்’ என்று தனியாகக் கூலி கேட்பார்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த காலத்தில் அதைத் திருகி இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, வைத்தோம். இன்றைய வண்டியில் திருகுவதற்கு எதுவுமே இல்லை, அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

அந்தக் கடகட சத்தம் வேறு கதை என்று நினைக்கிறேன். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ராத்திரி நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிட்டால், அழுத்தம் ஏறும்வரை செயின் ஆடும். ஆயில் அப்படி இறங்காமல் பிடித்துவைக்கப் பல ஃபில்டர்களுக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. போலி ஃபில்டரில் அது பேருக்குத்தான் இருக்கும். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் போடச் சொல்லுங்கள். கேம் டைமிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் ஆயில் கண்ட்ரோல் வால்வையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் அதன் வாயில் விரல் நகம் அகலத்துக்கு ஒரு வலை இருக்கும். அதில் கருப்பாக மசி அப்பிக்கொண்டாலே கேம் டைமிங் பிசகைச் சொல்லும் பி0011, பி0012 கோடுகள் வரக்கூடும். சில சமயம் பி0016-உம் வரும். இத்தனைக்குப் பிறகும் சத்தம் போகவில்லை என்றால் செயினைச் சந்தேகிக்கலாம்.

இப்போது ஆயில் சீல். கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம் அது. பெரும்பாலான எஞ்சின்களில் செயின் ஓடும் கிராங்க் ஷாஃப்டின் பல்சக்கரம் ஒரு சிறு சாவிக்கட்டையில் (ஆப்பு போன்ற இரும்புத் துண்டு) உட்கார்ந்திருக்கும், நகராது. ஃபோர்டு, பிஎம்டபிள்யூ, ரெனோ எஞ்சின்கள் சிலவற்றில் அந்தச் சாவியே கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சீல் மாற்றப் புல்லியைக் கழற்ற வேண்டும், அதற்கு இந்தப் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். ஷாஃப்டுகளைப் பூட்டுகிற கருவி இல்லாமல், போல்ட்டை அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன்னை வைத்து டர்ரென்று கழற்றினால், செயின் தன் பல்லில் ஒழுங்காக இருக்கும்போதே பல்சக்கரம் ஷாஃப்டின் மேல் நழுவிவிடும். 20 பல் உள்ள சக்கரத்தில் செயின் ஒரு பல் தாண்டினால் 18 டிகிரி பிசகு, வண்டி ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். இப்படி நழுவும்போது ஐந்தாறு டிகிரியோடு நின்றுவிடலாம். வண்டி ஓடும், பிக்கப் இருக்காது, பி0016 எரியும். உங்கள் கடிதத்தில் இருப்பது அப்படியே இதுதான்.

அந்தப் போல்ட்டின் தலையைப் பாருங்கள். சுற்றிலும் பழைய அழுக்கு இருக்க, தலையின் மூலைகள் மட்டும் புதிதாகப் பளபளத்தால் கன் வைத்திருக்கிறார்கள். பிறகு, உங்கள் எஞ்சினில் சாவி உண்டா இல்லையா என்று கேளுங்கள். உண்டு என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டுச் செயின் பக்கம் போகலாம். இல்லை என்றால், இரண்டு ஷாஃப்டுகளையும் அந்த எஞ்சினுக்கு உரிய கருவியால் பூட்டி, புதுப் போல்ட் போட்டு, சொன்ன இறுக்கத்துக்கு முடுக்கிவிட்டு, கருவிகளை எடுத்து, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மறுபடி கருவிகள் தட்டாமல் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. ‘கருவி எதற்கு, பெயிண்டால் புள்ளி வைத்துக் கழற்றி அப்படியே மாட்டிடலாம்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஏற்கெனவே பிசகியிருப்பதைத்தான் அந்தப் புள்ளி பத்திரமாகக் காப்பாற்றும்.

இந்தக் கருவியையும் இறுக்க அளவையும் கார் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்கு எளிதில் கிடைக்க விடுவதில்லை. செயினுக்கு மட்டும் ‘ஆயுள் முழுக்க வரும்’ என்று எழுதிவைப்பார்கள். யாருடைய ஆயுள்? வாரண்டியின் ஆயுளாகத்தான் இருக்கும். நல்ல மெக்கானிக்கும் இருட்டில் தடவ வேண்டியிருக்கிறது, பழியும் அவருக்குத்தான்.

அதுவரை ஓட்டலாமா? அவசரத்துக்கு, மெதுவாக. சூடான பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றாலோ, எஞ்சின் உதறினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ உடனே அணைத்துவிட்டு டோ செய்யுங்கள். செயின் தாண்டிவிட்டால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை வளைத்துவிடும்.

வேலை முடிந்ததும் பழைய போல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அதையே திரும்ப மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.