காற்றில் கூடும் கார்பன் டை ஆக்சைடு மனிதர் எரித்ததுதான் என்று எப்படித் தெரியும்?

அளவு கூடுவதில் சந்தேகமில்லை. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. சரி, எங்கிருந்து வந்தது?

கார்பனில் ஓர் அரிய வகை கார்பன்-14. காற்றில் இயற்கையாக உருவாகி, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேயும். உயிருள்ள மரத்தில் அது இருக்கும். பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் மிஞ்சியிருக்காது. அவற்றை எரித்தால் காற்றில் கார்பன்-14-இன் விகிதம் குறையும், தண்ணீர் கலந்த பாலை லாக்டோமீட்டர் காட்டிக்கொடுப்பதுபோல. ஆண்டுக்கு ஒன்றாக வளரும் மர வளையங்களில் இந்தக் குறைவை வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் 1955-இல் காட்டினார். (அணுகுண்டுச் சோதனைகள் பெருகியதும் கார்பன்-14 தாறுமாறாக ஏறியது, அதற்கு முந்தைய வளையங்களே தெளிவான சாட்சி.)

எனக்கு இதைவிடப் பிடித்த ஆதாரம் ஆக்சிஜன். எதை எரித்தாலும் அது செலவாக வேண்டும். அளந்து பார்த்தால் குறைந்துகொண்டுதான் வருகிறது, மூச்சுக்கு ஆபத்தில்லாத சிறு அளவில்.

“எல்லாம் எரிமலையால்” என்பார்கள்: எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லைதான், ஆனால் எரிமலைகள் ஆண்டுதோறும் விடுவது மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆக்சிஜன் குறைவதற்கும் அவை காரணமல்ல.