வாசகர் கேள்வி – பதில்

கே: தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஹாலிவுட் விஞ்ஞானப் படங்களின் நாவல்கள் கிடைக்கின்றன. படம் பார்த்தவன் அதையும் படிக்க வேண்டுமா? (வாசகர், திருமங்கலம்)

ப: முதலில் உள்பக்கத்தைப் புரட்டுங்கள். ‘திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டது’ என்று இருந்தால்தான் அது படத்திலிருந்து பிறந்த நாவல். பழைய நாவலுக்குப் பட போஸ்டரை அட்டையாக ஒட்டி விற்பதும் உண்டு, அட்டையை நம்பாதீர்கள்.

இத்தகைய நாவல்கள் படம் முடியும் முன்பே, திரைக்கதையை வைத்து எழுதப்படுபவை. எடிட்டிங்கில் போன காட்சிகள் அதனால்தான் புத்தகத்தில் தங்கிவிடுகின்றன. 1979 ‘ஏலியன்’ படத்தில், கூட்டுக்குள் சிக்கிய கேப்டன் டல்லாஸை நாயகி ரிப்ளி பார்க்கும் காட்சி வெட்டப்பட்டது. ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய நாவலில் அது இருக்கிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஐசக் அசிமோவின் ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ (1966). நீர்மூழ்கிக் கப்பலையும் ஆட்களையும் நுண்ணளவாகச் சுருக்கி, ஒரு விஞ்ஞானியின் ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். கெடு 60 நிமிடம். பிறகு எல்லாம் பழைய அளவுக்கு வீங்கும். படத்தில் வெள்ளணு விழுங்கிய நீர்மூழ்கியை உள்ளேயே விட்டுவிட்டு, ஆட்கள் மட்டும் கண்ணீர் வழியே வெளியேறுகிறார்கள். உள்ளே அந்த இரும்பு வீங்கினால் விஞ்ஞானியின் கதி? அசிமோவுக்கு அது பொறுக்கவில்லை. நாவலில் அந்த வெள்ளணுவையே ஆட்களின் பின்னால் வரவைத்து, நீர்மூழ்கியோடு வெளியே கொண்டுவந்துவிடுகிறார். இதுவும் திரைக்கதையிலிருந்து பிறந்த நாவல்தான். ஆனால் படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டதால், படம்தான் நாவலைத் தழுவியது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள்.

சண்டைக் காட்சிக்காகப் படிப்பதென்றால் வேண்டாம். திரையில் பத்து நொடியில் முடிவது புத்தகத்தில் நாலு பக்கம் இழுக்கும்.