சிலரோ சந்தேகப்பட்டார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூடுகை என்று சபைக்குள்ளேயே வளர்ந்தேன். சில வருடங்களாக மனதுக்குள் நிறைய சந்தேகங்கள். ஜெபிக்கும்போது வெறும் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது. ஆதியாகமமும் பரிணாமமும் எப்படி ஒத்துப்போகும்? விசுவாசிக்காதவர்கள் எல்லோருக்கும் நரகமா? கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ஆனாலும் தினமும் காலையில் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு வசனம் வைக்கிறேன், பழக்கமாகிவிட்டது. அலுவலகத்தில் எனக்கு ஒரு நண்பன், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அவன் அப்பாவுக்குப் புற்றுநோய். போன வாரம் என்னிடம், "தினமும் வசனம் போடுறியே, நிஜமாவே இதெல்லாம் நம்புறியா?" என்று கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சபையில் அடுத்த மாதம் சாட்சி சொல்ல, அதாவது ஆண்டவர் என் வாழ்க்கையில் செய்ததை எல்லோர் முன்னும் எழுந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டு சாட்சி சொன்னால் அது பொய்தானே? அன்னை தெரசாவே உள்ளுக்குள் இருட்டோடுதான் வாழ்ந்தாராம். அப்படியானால் அவரும் வேஷம்தான் போட்டாரா? முழு நிச்சயம் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

ஆ.

அன்புள்ள தம்பி,

வேறொரு சமயம் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். கொஞ்ச காலமாக யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் என்னை விடமாட்டேன் என்கிறது. எதைப் படிக்க உட்கார்ந்தாலும் அங்கேதான் போய் நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

இரண்டு கேள்விகளை முதலிலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். ஆதியாகமத்தின் ஆறு நாட்களை நாம் எண்ணுகிற நாட்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீன் எழுதியபோது, பரிணாமத்தைச் சொன்ன டார்வின் பிறக்க இன்னும் 1400 வருடங்கள் பாக்கி இருந்தன. ஆகவே இது ஏதோ உங்கள் தலைமுறைக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்காதீர்கள். பொறுமை இருந்தால் அகஸ்தீனைப் படியுங்கள், இல்லையென்றால் விடுங்கள். யாருக்கு நரகம் என்பதோ, அந்த நிர்வாகத்தை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை, உங்களிடமும்தான். நேராகப் பதில் சொல்லாமல் போனவர்கள் மேல் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மரியாதைதான்.

அன்னை தெரசாவுக்கு வருகிறேன். வேஷம் என்று எழுதும்போது கை கூசவில்லையா? அவர் 1997இல் இறந்தார். தன் ஆன்மிக வழிகாட்டிகளான குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் அச்சில் வந்தபோதுதான் உலகத்துக்கு அந்த இருட்டு முழுதாகத் தெரிந்தது. அவற்றை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். 1979 செப்டம்பரில் ஒரு குருவுக்கு எழுதுகிறார்: மௌனமும் வெறுமையும் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன, பார்க்கிறேன், எதுவும் தெரியவில்லை என்று. அதே வருடம் டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் பரிசு வாங்கப் போய் மேடையில் இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் ஒரே ஆள்தான். உள்ளே ஒன்றுமே கேட்காத நாட்களிலும் எழுந்து ஜெபித்துவிட்டு, சாகக் கிடக்கிறவர்களைக் கழுவித் துடைக்கப் போயிருக்கிறார். இதில் யாரை ஏமாற்றினார் என்கிறீர்கள்? நெஞ்சு நிறைந்திருக்கும்போது விசுவாசமாக இருப்பது யாராலும் முடியும். அவர் துறவியாகும்போது யாருடைய பெயரை எடுத்துக்கொண்டார் தெரியுமா? பிரான்சில் லிசியே ஊர் கன்னியாஸ்திரீ தெரேசாவின் பெயரை. அந்தப் பெண் 1897இல் 24 வயதில் காசநோயில் இறந்தவள். கடைசி ஒன்றரை வருடம், பரலோகம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே அவளுக்கு இருண்டு கிடந்தது. இவர்களையெல்லாம் வேஷக்காரர்கள் என்றால் அப்புறம் நீங்களும் நானும் யார்?

சரி. இவ்வளவு நீளமாக எழுத வைத்தது உங்கள் கடைசி வரிதான். "முழு நிச்சயம் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்." எங்கிருந்து பிடித்தீர்கள் இந்த வரிசையை? முதலில் நிச்சயம், அப்புறம் வாய் திறப்பது என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? புறப்பட்டுப்போய் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற வசனத்தை மிஷனரிக் கூட்டங்களில் பெரிதாக எழுதி மேடைக்குப் பின்னால் கட்டுகிறார்களே, அது மத்தேயு 28இல் 19ஆம் வசனம். இரண்டே வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். சீஷர்கள் பதினொரு பேரும் கலிலேயாவில் அந்த மலைக்குப் போகிறார்கள், உயிர்த்தெழுந்தவர் கண்முன்னே நிற்கிறார், பணிந்துகொள்கிறார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." இதை யாரும் பேனரில் போடுவதில்லை. சந்தேகப்பட்டவர்கள் இந்தப் பக்கம் நில்லுங்கள், தெளிந்தபிறகு அனுப்புகிறேன் என்று அவர் பிரிக்கவே இல்லை. மொத்தமாகப் போகச் சொல்லிவிட்டார். அந்தச் சிலர் யார் யார் என்று மத்தேயு பெயரும் சொல்லவில்லை. கண்ணால் கண்டவர்களின் நிலைமையே இது, நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

இப்போது அந்த ஒன்பதாம் அதிகாரம். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த கதைதான், ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து வண்ணம்கூடத் தீட்டியிருப்பீர்கள், அதனாலேயே சரியாக வாசித்திருக்க மாட்டீர்கள். பிறவிக் குருடன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. இயேசு சேற்றை அவன் கண்ணில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். கழுவித் திரும்புகிறான், பார்வை வந்துவிட்டது, ஆனால் பார்வை கொடுத்தவரை அவன் இன்னும் பார்க்கவில்லை. எட்டாம் வசனத்திலிருந்து 34 வரைக்கும் இயேசு அந்தக் காட்சியிலேயே இல்லை. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஜெபித்தால் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது என்கிறீர்களே, இந்த மனிதன் தன் சாட்சி முழுவதையும் அவர் இல்லாத இடத்தில் நின்றுதான் சொல்கிறான்.

அக்கம்பக்கத்தார் முதலில் கேட்கிறார்கள். இயேசு என்கிற ஒருவர் சேறு பூசினார், கழுவினேன், பார்க்கிறேன் என்கிறான். அவர் எங்கே என்றால், எனக்குத் தெரியாது என்கிறான். அவனுடைய முதல் சாட்சி முடிகிற இடமே அதுதான்! எந்தச் சபையிலாவது ஒருவர் இப்படி முடித்துவிட்டு மைக்கைக் கொடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பிறகு பரிசேயரிடம், அதாவது யூத மதத் தலைவர்களிடம் இழுத்துப்போகிறார்கள், அவரைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்கிறார்கள், அவன் கொஞ்சம் முன்னேறி, அவர் தீர்க்கதரிசி என்கிறான். பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டால், ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்களே என்ற பயத்தில், இவன் வயது வந்தவன், இவனையே கேளுங்கள் என்று கழன்றுகொள்கிறார்கள். (நீங்கள் நண்பனிடம் சிரித்து மழுப்பினீர்களே, அது இந்தப் பெற்றோர் செய்த வேலை.) மறுபடியும் அவனைக் கூப்பிட்டு, அந்த மனுஷன் பாவி என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர் பாவியா இல்லையா எனக்குத் தெரியாது, குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்கிறான். திரும்பத் திரும்பக் கேட்கவும் எரிச்சல் வந்து, ஏன், உங்களுக்கும் அவருடைய சீஷராக ஆசையா என்று நக்கலாக வேறு கேட்கிறான். வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் இயேசு தேடி வருகிறார். தேவனுடைய குமாரனிடத்தில் விசுவாசமாயிருக்கிறாயா என்று கேட்கிறார். அவன் என்ன சொல்கிறான்? "அவர் யார்?" அக்கம்பக்கத்தாரிடம் பேசியாயிற்று, அதிகாரத்தில் இருப்பவர்களோடு சண்டை போட்டாயிற்று, வெளியே தள்ளப்பட்டும் ஆயிற்று, இன்னும் கேட்கிறான் அவர் யார் என்று! விசுவாசிக்கிறேன் ஆண்டவரே என்கிற அறிக்கை 38ஆம் வசனத்தில்தான் வருகிறது. சாட்சியெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஒருவர், தீர்க்கதரிசி, ஆண்டவர் என்று அவன் படிப்படியாக வந்து சேர்கிறான். ஒவ்வொரு முறை யாராவது அவனை நெருக்கிக் கேட்கும்போதும் ஒரு படி ஏறுகிறான். பயந்து வாயை மூடிக்கொண்டு, முழு நிச்சயம் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் "ஒருவர்" என்பதோடு நின்றிருப்பான். நான் சொல்ல வருவது இவ்வளவுதான் தம்பி. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றும் அதே வாயால் சொல்லுங்கள். மிச்சம் சொல்லச் சொல்லத்தான் தெரியவரும், சிலது தெரியாமலேயும் போகலாம்.

நம் சாட்சி நேரங்கள் இதற்கு நேர் எதிராகப் போய்விட்டன என்பது வேறு விஷயம். சோப்பு விளம்பரத்தில் வருவதுபோல அழுக்குச் சட்டை, ஒரே முக்கு, வெள்ளைச் சட்டை. கடன் இருந்தது, ஜெபித்தோம், அடைந்தது. வியாதி இருந்தது, ஜெபித்தோம், சுகமானது. அடையாதவர்களும் சுகமாகாதவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை யாரும் மைக் முன்னால் கூப்பிடுவதில்லை.

என் அப்பா சபையில் மூப்பராக இருந்தவர். அண்ணன் இறந்துபோன வருடம், வருடக் கடைசி ஆராதனையில், வரிசையாக எல்லோரும் எழுந்து நன்றி சொல்லிக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் முறை வந்தது. எழுந்து, "இந்த வருஷம் எனக்கு நன்றி சொல்ல ஒண்ணும் வரலை. நான் கேட்டதை ஆண்டவர் செய்யலை. இருந்தாலும் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டு நடத்துகிறவர் பதற்றத்தில் ஏற்கெனவே பாடி முடித்த பாட்டையே திரும்ப ஆரம்பித்தார். ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, விசுவாசக் குறைவாகப் பேசி சபையை இடறப்பண்ணிவிட்டீர்கள் என்று கண்டித்தார். அப்பா பதில் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மனைவி விட்டுப் போனவர்கள், ஜெபிக்கவே முடியவில்லை என்று சொல்ல இடமில்லாதவர்கள். கோயில் பக்கமே வராத ஒருவரும் வருவார், எதிலும் நம்பிக்கை இல்லாதவர், அப்பாவோடு மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். எல்லோரும் வருவது ஆண்டவர்மேல் குறை சொல்வதற்கு. "ஊர்ல உள்ள புகாரெல்லாம் நம்ம வீட்லதான் வாங்குறாங்களா" என்று அம்மா சலித்துக்கொள்வார். அப்பா அவர்களுக்கு ஆறுதல் வசனம் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசிப்பார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது, இருட்டிலேயே நின்றுவிடும். அதையும் தேவாலயத்துப் பாட்டுகளோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் வெட்டி எறியவில்லை. அப்பா அந்த வருடம் எழுந்து எல்லோரையும்போல நன்றி சொல்லியிருந்தால் அந்த ஆட்களில் ஒருவராவது எங்கள் படியேறியிருப்பாரா?

இதை எழுதும்போது, வேதத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்துத் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து கடவுளுக்காக வக்காலத்து வாங்கத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுளே, யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் கோபித்துக்கொள்கிறார். புத்தகம் முழுக்கக் கத்திக் கேள்வி கேட்டவன் யோபு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி உங்களைத் திட்ட வேண்டிய உண்மையான இடம். சந்தேகத்தோடு சாட்சி சொன்னால் பொய்யாகுமே என்று இவ்வளவு கவலைப்படுகிற நீங்கள், தினமும் காலையில் மனசு ஒட்டாமல் ஒரு வசனத்தை ஸ்டேட்டஸில் ஒட்டிவிட்டுப் போகிறீர்களே, அது மட்டும் உறுத்தவே இல்லையா? அப்பா சாகக் கிடக்கிற ஒருவன் அதைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு உங்களிடம் கேட்கிறான். அவன் உங்களைக் கிண்டல் செய்யக் கேட்டதாகவா நினைக்கிறீர்கள்? உங்கள் வாழ்க்கையில் இத்தனை வருடத்தில் விசுவாசத்தைப் பற்றி உண்மையாகக் கேட்கப்பட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும், அதைக் கேட்டவன் சபைக்கு வெளியே இருக்கிறான். உங்களிடம் நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதும்போது சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்றுதான் சேர்க்கிறார். முழு நிச்சயத்தோடு என்று எழுதவில்லை.

முதலில் ஸ்டேட்டஸ் வசனத்தைக் கொஞ்ச நாளுக்கு நிறுத்துங்கள். ஆண்டவருக்கு ஒரு நஷ்டமும் வராது. பிறகு அந்த நண்பனைத் தேடிப் போங்கள். "அன்னைக்கு நீ கேட்டப்போ மழுப்பிட்டேன். சில நாள் நம்புறேன், சில நாள் முடியல. அப்பா எப்படி இருக்கார்?" என்று கேளுங்கள். அவன் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் தேவைப்பட்டால் போங்கள். அவனாக ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், சொல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள், சுவராக இருந்தாலும் பரவாயில்லை.

சபையில் சாட்சி சொல்லலாமா என்றுதான் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அது உங்கள் இஷ்டம். சொல்வதானால் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். கண்டிப்பதற்கு யாராவது தனியாகக் கூப்பிட்டால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா