பிஎல்சிக்கும் (மெஷினை ஓட்டுற கன்ட்ரோலர்) டிரைவுக்கும் (மோட்டார் வேகத்தை கன்ட்ரோல் பண்ற யூனிட்) நடுவுல அடிக்கடி கம்யூனிகேஷன் எரர் வருது, ரீசெட் பண்ணா ஓடுது. கம்யூனிகேஷன் கார்டை மாத்திடலாமா?

இப்போதைக்கு கார்டுல கைய வைக்காதீங்க. ரீசெட் பண்ணா திரும்ப ஓடுதுன்னா பெரும்பாலும் கேபிள், கனெக்டர், இல்லன்னா நாய்ஸ்தான் (பக்கத்து மின்சாரத்தால சிக்னல்ல வர்ற தொந்தரவு). எந்த நெட்வொர்க்னு நீங்க சொல்லல, ஆர்எஸ்-485 (ஏ, பி-ன்னு ரெண்டு ஒயர்ல டேட்டா அனுப்பற லைன்) மேல மோட்பஸ் ஆர்டியு (அந்த லைன்ல பேசிக்கற மொழி)ன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன்.

முதல்ல பிஎல்சியில எரர் கோடை பாருங்க, எல்லாரும் "கம்யூனிகேஷன் ஃபெயில்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க, அங்கதான் சிக்கலே. எக்ஸெப்ஷன் கோடு 02 (கேட்டதை தர முடியாதுன்னு வர்ற பதில்) வந்தா ஒயரிங் நல்லாத்தான் இருக்கு, ஸ்லேவ், அதாவது பிஎல்சி கேட்டா பதில் சொல்ற டிரைவ், பதில் சொல்லுது, நீங்க கேட்ட ரெஜிஸ்டர் (டேட்டா வெச்சிருக்கற இடம்) அட்ரஸ்தான் அதுக்கிட்ட இல்ல. சிஆர்சி எரர்னா (டேட்டா சரியா வந்துச்சான்னு பாக்கற செக்ல தப்பு) டேட்டா வருது ஆனா வழியிலயே கெட்டுப்போகுது. டைம்அவுட்னா பதிலே வரல. பாட் ரேட் (டேட்டா அனுப்பற வேகம்), பாரிட்டி (தப்பு கண்டுபிடிக்கற பிட் செட்டிங்) தப்பா இருந்தா ஆரம்பத்துல இருந்தே பேசாது, உங்களுக்கு ஓடி ஓடி நிக்குறதால அதை விட்டுடலாம்.

அடுத்து டெர்மினேஷன், அதாவது லைனோட ரெண்டு கடைசி முனையிலயும் போடற ரெசிஸ்டர். எல்லாத்துக்கும் பவர் ஆஃப் பண்ணிட்டு மல்டிமீட்டர்ல ஏ-க்கும் பி-க்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. ரெண்டு முனையிலயும் 120 ஓம் இருந்தா மீட்டர் 60 கிட்ட காட்டணும். 120 காட்டினா ஒரு முனையில ரெசிஸ்டர் இல்ல, இல்லன்னா நடுவுல ஒயர் கட். 40 காட்டினா மூணாவதா ஒண்ணு எங்கயோ இருக்கு, நடுவுல இருக்கற டிரைவ் எதுலயாவது டெர்மினேஷன் டிப் சுவிட்ச் ஆன்ல கிடக்கும், புதுசா டிரைவ் மாத்தின இடத்தை மொதல்ல திறந்து பாருங்க.

இது சரியா இருந்தா, எரர் எப்ப வருதுன்னு கவனிங்க. மோட்டார் ஓடும்போது மட்டும் வருதுன்னா மோட்டார் கேபிளும் கம்யூனிகேஷன் கேபிளும் ஒரே ட்ரேல ஒட்டிக்கிட்டு போகுதான்னு பாருங்க, ஷீல்டு (கேபிளைச் சுத்தி இருக்கற உலோக உறை) எங்கயாவது அத்துப்போய் தொங்குதான்னும் பாருங்க. இன்னொண்ணு, ஏ-பி ரெண்டு ஒயர் போதும்னு ரெண்டு பக்க கிரவுண்டையும் சேக்கற காமன் ஒயரை விட்டுடுவாங்க. சிக்னலை வாங்கற ரிசீவர் தாங்குறது மைனஸ் 7-ல இருந்து பிளஸ் 12 வோல்ட் வரைக்கும்தான், ரெண்டு பேனலோட கிரவுண்ட் வித்தியாசம் அதைத் தாண்டினா எரர் வந்துக்கிட்டேதான் இருக்கும், என் அனுபவத்துல இதை யாரும் சந்தேகப்படறதே இல்ல.

பாட் ரேட்டை 19200-ல இருந்து 9600-க்கு எல்லா ஸ்லேவ்லயும் இறக்கிப் பாருங்க, எரர் கொறஞ்சா லைன்லதான் கோளாறு. டிரைவோட டைம்அவுட்டை மட்டும் ஏத்திட்டு உக்காந்துடாதீங்க, ட்ரிப் (டிரைவ் எரர் காட்டி நின்னுபோறது) குறையும், ஆனா லைன் விட்டுப்போன நேரத்துல பிஎல்சி ஸ்டாப் சொன்னாலும் டிரைவுக்கு போய்ச் சேராது, அது ஓடிக்கிட்டே இருக்கலாம்.